புகை சாய்ந்த சுவர்

கீரமங்கலம்,
26-1-1958

அன்புத் தம்பி மலையாண்டிக்கு, உன் அக்கா காத்தாயி மனம் நிறைய வாழ்த்தி எழுதுவது. இங்கே நானும் உன் மகள் ராசாத்தியும் அம்மன் புண்ணியத்தில் இருக்கிறோம். ஈப்போவில் மழை விட்டதா? ரப்பர்த் தோட்டத்தில் ஈரத்தில் நின்று நெஞ்சில் சளி கட்ட விட்டுவிடாதே.

உன் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாள் வந்தது. நீ கொடுத்தனுப்பிய சீட்டித் துணியில் ராசாத்திக்குப் பாவாடை தைத்தாயிற்று. வளருகிற பிள்ளை என்று ஒரு சாண் மடித்துத் தைக்கச் சொன்னேன். அதற்கு அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். கோபம் அப்படியே உன் கோபம். நம் பசு சிவப்பி கிடேரிக் கன்று போட்டிருக்கிறது.

உன் வீட்டுக்காரி செவந்திக்கு முதல் வருஷத் திதி கொடுத்தாகிவிட்டது. நீ இல்லாத குறைக்குச் சித்தப்பா மகன் உட்கார்ந்தான். அன்றைக்கு நடந்ததை ஒன்றுவிடாமல் எழுது என்று கேட்டிருக்கிறாய். போன வருஷம் நாலு வரியில் முடித்துவிட்டேன் என்று குறைப்படுகிறாய். அப்போது கை அவ்வளவுதான் ஓடியது. இப்போது எழுதுகிறேன். படித்துவிட்டு அங்கே தனியாகக் கிடந்து அழாதே.

கடலை மில்லை நீயும் பார்த்திருக்கிறாய். சமஸ்தானக் காலத்தில் தானியக் கிட்டங்கியாகக் கட்டியது. ஒரு முழத்துக்கு மேல் கனமான சுவர். மேற்குச் சுவரில் தரையை ஒட்டி ஓட்டைகள், கிழக்குச் சுவரில் கூரையை ஒட்டி வென்டிலேட்டர்கள். அந்தக் கிழக்குச் சுவர் ஓரமாகத்தான் கடலை உடைக்கிற மிஷின். நானும் செவந்தியும் மிஷினுக்குப் பக்கத்தில் நின்று மூட்டை கவிழ்ப்போம். கடலைத் தொலித்தூசி எழும்பினால் எதிரே நிற்கிறவள் முகம் தெரியாது. அவளுக்கு மூச்சு இழுப்பு இருந்தது உனக்குத் தெரியும். அன்று காலையிலேயே முகம் சரியில்லை. வீட்டுக்குப் போடி என்றேன். இந்த மூட்டை முடியட்டும் மதினி, போறேன் என்றாள். கொஞ்ச நேரத்தில் கிழக்குச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டாள். மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் விசில் மாதிரி எனக்குக் கேட்டது. ஆலங்குடி ஆஸ்பத்திரிக்கு வண்டி பூட்டுவதற்குள் என் மடியிலேயே அடங்கிப் போனாள். கடைசியில் உன் பெயரைச் சொன்னாள் என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும். அவளால் எந்தப் பெயரையும் சொல்ல முடியவில்லை தம்பி. காற்று வேண்டும் என்று கையை மட்டும் வீசிக் காட்டினாள்.

அன்று அவிட்டம். அடைப்பு நட்சத்திரத்தில் போன உயிரை வாசல் வழியாக எடுத்தால் அதே வழியில் திரும்பி வந்துவிடும் என்று பூசாரி பெரியகருப்பன் வந்து குறுக்கே நின்றான். அவள் சாய்ந்து உட்கார்ந்திருந்த இடத்திலேயே சுவரை இடித்து, அந்த வழியாகத்தான் வெளியே கொண்டுபோனார்கள். சாயங்காலமே கல்லும் மண்ணும் வைத்து அதை அடைத்தும் விட்டார்கள்.

அதோடு விட்டார்களா? பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் வேலைக்குப் போனால் மில் பட்டப்பகலில் இருட்டிக் கிடக்கிறது. மேலே வென்டிலேட்டர், கீழே ஓட்டை, எல்லாவற்றையும் செங்கல் வைத்துப் பூசியிருந்தார்கள். சின்னச் சந்து இருந்தாலும் செவந்தி நுழைந்துவிடுவாளாம். முதலாளி சேக் அலாவுதீன் ராவுத்தரிடம் சண்டைக்கே போனேன். அவர் பாவம், எங்க மார்க்கத்துல இதெல்லாம் கெடையாது ஆத்தா, ஆனா அடைக்கலேன்னா ஒரு பொம்பளையும் உள்ள வரமாட்டேங்குது, நான் என்னா செய்ய என்றார். காற்றில்லாமல் செத்தவளுக்குப் பயந்து காற்றையே அடைத்தவர்கள் உலகத்தில் நம் ஊர்க்காரர்களாகத்தான் இருப்பார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அன்றைக்கே கடப்பாரையைத் தூக்கியிருப்பேன். வயிறு ஒன்று இருக்கிறதே, பேசாமல் போய் மூட்டையைத் தூக்கினேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். இந்த ஒரு வருஷமாக மில்லுக்குள் ஒரு சத்தம் கேட்கிறது. மத்தியானச் சோற்றுக்கு எஞ்சினை நிறுத்தி, பெல்ட் எல்லாம் ஓய்ந்த பிறகு கேட்கும். விசில் மாதிரி மெல்ல உள்ளே இழுக்கும், நிற்கும், மறுபடி இழுக்கும். எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். ஒன் பக்கந்தான் கேக்குது காத்தாயி என்று கூட வேலை பார்க்கிற அழகி சொல்லிவிட்டு இரண்டு எட்டுத் தள்ளிப் போய் உட்காருகிறாள். அடைத்த இடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவள் நான்தானே. நான் பேய்க்குப் பயந்தவள் இல்லை. ஆனால் அந்த இழுப்பை என் மடியில் வைத்துக் கேட்டவள் நான். அது வேறு ஒருத்தி மூச்சு என்று எப்படிச் சொல்வேன்?

ராசாத்திக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டதும் மில்லுக்கு ஓடிவருகிறாள். அந்தப் பூச்சில் காதை வைத்துக்கொண்டு, கணக்கு வாத்தியார் அடித்தது, கன்று துள்ளினது எல்லாம் அம்மாவிடம் சொல்கிறாள். கையைப் பிடித்து இழுத்தால் கடிக்க வருகிறாள். தூசிக்குள் உட்கார்ந்து உட்கார்ந்து அவளுக்கும் இருமல் வந்துவிட்டது. எனக்கும் கொஞ்சம் இருக்கிறது. அது சளிதான், போய்விடும்.

சென்ற வாரம் திருச்சியிலிருந்து பாக்டரி இன்ஸ்பெக்டர் வந்தார். சின்ன வயசுக்காரர். உள்ளே வந்ததும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு கட்டு ஊதுபத்தி வாங்கிவரச் சொன்னார். கொளுத்தி மில் நடுவில் பிடித்தார். பூசை போடுகிறார் என்று நினைத்து எல்லாரும் கும்பிட்டோம். எஞ்சின் நின்றிருந்தது. புகை மேலேயும் போகவில்லை, பக்கத்திலும் போகவில்லை, அப்படியே நின்றது. பார்த்தீங்களா, காத்து நகரவே இல்லை, இதைத்தான் நீங்க நாள் பூரா குடிக்கிறீங்க என்றார். சொல்லி வாய் மூடவில்லை, புகை மெல்லக் கிழக்கே சாய்ந்தது. சாய்ந்து சாய்ந்து, செவந்தியை எடுத்த இடத்தில் போய்ச் சுவருக்குள் நுழைந்தது. அவ இழுக்கிறா, அவ இழுக்கிறா என்று அழகி போட்ட கூச்சலில் பாதிப் பேர் வெளியே ஓடிவிட்டார்கள். பூச்சில் விரிசல் விட்டிருக்கிறது, அதான் போகிறது என்று அவர் எத்தனையோ சொல்லிப் பார்த்தார். யார் காதில் ஏறும்? எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

அவர் உத்தரவு இதுதான். எல்லா ஓட்டைகளையும் திறக்க வேண்டும். மிஷினுக்குப் பக்கத்தில் தூசியை வெளியே தள்ளுகிற பெரிய பேன் ஒன்று வைக்க வேண்டும். பழைய கட்டிடம், கூரையின் பாரம் முழுக்கச் சுவரில் இருக்கிறது, வேறு இடத்தில் துளைத்தால் உத்திரம் இறங்கிவிடும். ஏற்கெனவே இடித்து அடைத்த அந்த இடத்தில்தான் பேன் வைக்கலாம் என்று சொல்லிவிட்டார். பங்குனி முடிவதற்குள் செய்யாவிட்டால் மில்லைப் பூட்டிவிடுவாராம்.

முதலாளி பேன் வாங்கத் தயார். பெரியகருப்பன்தான் குதிக்கிறான். உரிமைக்காரன் கையால கொள்ளி வாங்காதவ, அவன் வாயால தெறக்கச் சொல்லாம கல்லுல கை வைக்கக் கூடாது என்கிறான். பெண்டுகளும் அதையே பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஆகையால் தம்பி, நீ வரக்கூட வேண்டாம். திறக்கலாம் என்று ஒரே ஒரு வரி எழுதிப் போடு. அந்தப் பிள்ளை நல்ல காற்றைக் குடிக்கட்டும்.

உன் வரியை எதிர்பார்த்திருக்கும்,
அக்கா காத்தாயி

கீரமங்கலம்,
23-3-1958

தம்பி மலையாண்டிக்கு அக்கா எழுதுவது. உடம்பு தேவலையா என்று முதலில் கேட்டுவிடுகிறேன். கேட்காமல் திட்ட ஆரம்பித்தேன் என்று இருக்க வேண்டாம்.

உன் பதில் வந்தது. அவள் முகத்தைக் கடைசியாகக் கூட நான் பார்க்கவில்லை அக்கா, நான் வருகிறவரைக்கும் அவள் அங்கேயே இருக்கட்டும், அந்த மூச்சையாவது வந்து ஒரு தடவை கேட்டுவிடுகிறேன், அதுவரை சுவரைத் தொடாதீர்கள் என்று எழுதியிருக்கிறாய். படித்துவிட்டு மாட்டுக் கொட்டிலில் போய் அழுதேன். உன் மேல் அத்தனை பரிதாபமாக இருந்தது. அழுது முடித்த பிறகு பொல்லாத கோபம் வந்தது.

நீ எப்போது வருவாய்? போன வருஷமும் வருகிறேன் என்றுதான் எழுதினாய். கப்பலுக்குத் துரை விடவில்லை, கங்காணி விடவில்லை என்கிறாய். எனக்குத் தெரியும்டா. நீ வந்தால் அவள் இல்லாத வீட்டுக்குள் நுழைய வேண்டும். அந்தப் பயத்தில்தான் அங்கேயே கிடக்கிறாய். நானும் அவளை அப்படித்தான் நினைத்துக்கொண்டு இருக்கிறேன். மத்தியானம் அந்தச் சத்தம் கேட்கிறபோது, பக்கத்தில்தான் இருக்கிறாள் என்று எனக்கும் ஒரு ஆறுதல் இருக்கத்தான் செய்கிறது. அதற்காக நாங்கள் எல்லாரும் மூச்சு முட்டிச் சாவதா? நீ மரத்தடியில் நின்று பால் வெட்டுகிறவன். இங்கே வந்து ஒரு நாள் மூட்டை கவிழ்த்துப் பார்.

சொல்ல வேண்டாம் என்று இருந்தேன், சொல்லிவிடுகிறேன். போன திங்கட்கிழமை ராசாத்தி அந்தச் சுவரடியில் மயங்கி விழுந்துவிட்டாள். எஞ்சின் ஓட்டுகிற மதுரைவீரன்தான் பார்த்து வெளியே தூக்கி வந்தான். வேப்பமரத்தடியில் போட்டு முகத்தில் தண்ணீர் அடித்தோம். உதடு நீலம் பாரித்துக் கிடந்தது. அந்த நிறத்தை நான் ஏற்கெனவே ஒரு முகத்தில் பார்த்தவள் தம்பி. கண்ணைத் திறந்ததும் என்ன கேட்டாள் தெரியுமா? ஏன் அத்தை வெளிய தூக்கிட்டு வந்தீங்க, நான் அம்மாகிட்டப் பேசிக்கிட்டு இருந்தேன்ல என்றாள்.

ஆலங்குடிக்குக் கூட்டிப்போனேன். பிள்ளைக்கு இன்னும் ஒன்றும் கெட்டுப் போகவில்லை, ஆனால் இனிமேல் தூசியில் உட்காரக் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொன்னார். அடித்தும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். வீட்டில் பூட்டினால் கூரை ஓட்டைப் பிரித்துக்கொண்டு போய்விடுகிறாள். அந்தச் சுவருக்குள் அம்மா இருக்கிறவரை அவள் அங்கேதான் போவாள். போன கையோடு டாக்டர் என் நெஞ்சிலும் குழாய் வைத்துப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். வயதாகிறதல்லவா, என்னென்னவோ சொன்னார்.

உனக்கு மறுபடி எழுதி, நீ யோசித்து, பதில் வந்து சேர நாள் இல்லை. பங்குனி போய்க்கொண்டிருக்கிறது. இந்தக் கடிதம் உன் கைக்கு வருகிறபோது நான் ஏதாவது ஒன்று செய்திருப்பேன். உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் செய்தது என்று பொறுத்துக்கொள்.

உன் அக்கா,
காத்தாயி

கீரமங்கலம்,
20-4-1958

என் தம்பி மலையாண்டிக்கு,

புது வருஷம் உனக்கு நல்லபடியாகப் பிறக்கட்டும். உன் பெயரில் ஒரு பொய் சொல்லிவிட்டேன். மில் வாசலில் எல்லாரும் கூடி, தம்பி என்னா எழுதியிருக்கு என்று கேட்டார்கள். திறக்கச் சொல்லிவிட்டான் என்றேன். உன் கடிதம் என் மடியில்தான் இருந்தது. காத்தாயி பொய் சொல்லுவாள் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கோபம் வந்தால் அங்கேயே வைத்துக் குமுறாதே. நேரில் வந்து என்னை நாலு வார்த்தை கேள், வாங்கிக்கொள்கிறேன்.

பங்குனிக் கடைசி வெள்ளிக்கிழமை பெரியகருப்பன் எலுமிச்சம்பழம் அறுத்துக் கற்பூரம் காட்டினான். மதுரைவீரன் கடப்பாரையைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கிறான். வாங்கி முதல் கல்லை நான்தான் பெயர்த்தேன். நீயோ நானோ யாராவது ஒருத்தர் தொட வேண்டும், நீ இல்லை. கல்லோடு கல்லாக மண்ணிலிருந்து இரும்பு ஆணிகள் உதிர்ந்தன. அவள் உள்ளே வராமல் இருக்கப் பூசாரி அன்றைக்கு அடித்து வைத்தது. ராசாத்தி ஓர் ஆணியைப் பொறுக்கிக்கொண்டு, அம்மாவுக்குக் குத்தாதா அத்தை என்று கேட்டாள். பெரியகருப்பன் அந்தப் பக்கம் திரும்பித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

மேற்கே கீழ் ஓட்டைகளையும் மேலே வென்டிலேட்டர்களையும் அன்றே திறந்தார்கள். நம் ஊருக்கு இன்னும் கரண்டு வரவில்லையே, அதனால் எஞ்சினிலிருந்தே ஒரு பெல்ட் இழுத்து மதுரைவீரன் பேனை ஓட்டினான். அது சுற்றினதும் மேற்கேயிருந்து காற்று வந்து காலைத் தொட்டது. ஒரு வருஷத்துக்குப் பிறகு உள்ளே வருகிற காற்று. தரையிலிருந்த தொலியெல்லாம் சிலிர்த்தது. தூசி மேகமாகத் திரண்டு பேன் வழியாக வெளியே ஓடியது. எதிரே நிற்கிற அழகியின் முகம், மூக்குத்தி எல்லாம் தெரிந்தது. இம்புட்டு நரை விழுந்துருச்சா ஒனக்கு என்று அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள். சிரித்துக்கொண்டோம்.

இன்ஸ்பெக்டர் மறுநாள் வந்து மறுபடி ஊதுபத்தி கொளுத்தினார். இந்தத் தடவை புகை நிற்கவே இல்லை. தரையோடு வந்து, எழும்பி, சுவரின் அந்த இடத்தைப் பார்த்து நேராக ஓடி வெளியே போயிற்று. ஒருத்தரும் கூச்சல் போடவில்லை. போயிட்டு வா தாயி என்று அழகி கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு ஒவ்வொருத்தியாக, போயிட்டு வா செவந்தி, போயிட்டு வா என்றார்கள். பிறந்த வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி அனுப்பினார்கள். இன்ஸ்பெக்டர் ஒன்றும் புரியாமல், அணைந்த பத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எனக்குத் தாங்கவில்லை. அவளுக்கென்று கொஞ்சம் சோறு எடுத்துக்கொண்டு சுவருக்கு வெளியே, அன்றைக்கு அவளை இறக்கி வைத்த இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

மத்தியானம் எஞ்சின் நின்றது. பேனும் நின்றது. உள்ளே எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தார்களாம். சத்தமே இல்லை. அவ போயிட்டா, நிம்மதியாப் போயிட்டா என்று குலவை போட்டார்கள். முதலாளி கல்கண்டு வாங்கி எல்லாருக்கும் கொடுத்தார்.

ராசாத்தி மட்டும் அழுதிருக்கிறாள். மில் முழுக்க ஒவ்வொரு சுவராகக் காதை வைத்துத் தேடியிருக்கிறாள். பிறகு வெளியே வந்து என் முதுகில் சாய்ந்துகொண்டாள். முதுகில் காதை நன்றாகப் பதித்தாள். அத்தை, அம்மா எங்கிட்டும் போகலை, இந்தா இங்கதான இருக்கு என்றாள்.

ஆமாம்டி என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்ல? ஒரு வருஷமாக அந்தச் சத்தம் நான் நின்ற பக்கமே ஏன் கேட்டது என்று அப்போது தெரிந்தது. ஆலங்குடி டாக்டர் என் நெஞ்சில் வெகு நேரம் குழாய் வைத்துக் கேட்டதும் அதைத்தான். அவர் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி. செவந்தி கையை வீசினது கண்ணை மூடினால் தெரிகிறது.

நான் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். ராசாத்தி இப்போது மில் பக்கம் போவதில்லை. பள்ளிக்கூடம் விட்டு நேரே வீட்டுக்கு வந்து என் முதுகில் சாய்ந்துகொண்டு, கன்றுக்குட்டி, வாத்தியார் என்று எல்லாக் கதையும் சொல்கிறாள். இருமல் விட்டுவிட்டது. உதட்டில் நல்ல சிவப்பு வந்துவிட்டது. என்னிடம் சொல்கிறாளா அவள் அம்மாவிடம் சொல்கிறாளா என்று நான் கேட்பதில்லை.

ஆடி பிறப்பதற்குள் வந்துவிடு. துரை, கங்காணி என்று இன்னொரு தடவை எழுதாதே. உன் மகளுக்கு நீ வேண்டும். நாளைக்கு அவள் சாய்ந்துகொள்ள ஒரு முதுகு வேண்டும்.

எனக்கு எந்த நாள் அமையுமோ தெரியாது. அதுவும் அடைப்பாக இருந்துவிட்டால் எந்தச் சுவரை இடித்து எடுத்தாலும் எடுத்துக்கொள்ளட்டும், சண்டை போடாதே. ஆனால் அதற்குப் பிறகு, அவளும் மில்லுக்காரிதானே, திரும்பி வந்துவிடுவாள் என்று யாராவது செங்கலைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அப்போது நீ குறுக்கே நில். என் மேல் ஆணை. ஒரு ஓட்டையைக் கூட அடைக்க விடாதே. நான் காற்றோடு வந்தால் வந்துவிட்டுப் போகிறேன். எல்லாம் திறந்தே கிடக்கட்டும்.

நீ நூறு வயது நல்ல மூச்சோடு இருக்க வேண்டும்.

உன் அக்கா,
காத்தாயி